நாலில் பாதி

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் நால்வர், ஒரு பியானோ.
ஈரம் குடித்து அதன் மேல்ஸ்தாயி
மயிரிழை இறங்கிக் கிடக்கிறது.
டர்பனில் ஜனவரி. உம்கெனி சாலை,
டயர் கடைக்கு மேல்மாடி.
ஏசியை அணைத்துவிட்டோம்,
அதன் மூச்சும் பதிவாகிவிடும்.

இருபத்திரண்டு வருடம்
அடுத்தவர் இசைத்தட்டுகளில் வாசித்தவள்.
உறையின் பின்புறம், பொடியெழுத்தில், கடைசிக்கு முந்தைய வரி.
ஒருமுறை அதுவும் அச்சில் விட்டுப்போனது.
இந்தத் தட்டுக்கு முன்னட்டையிலேயே பெயர்:
தயாநாயகி ஆர்முகம்.
தையல்நாயகி என்றுதான் இருந்திருக்கும்.
எந்தத் துறைமுகத்து எழுத்தன்
தையலைப் பிரித்தானோ.

தலைவி என்றால் என்னவென்று
முதல் நாள் காலையே தெரிந்துபோனது.
மூன்று பேருக்குப் பெட்ரோல் காசு.
இரைகிற குழல்விளக்குக்காகக் கட்டிடக்காரனோடு சண்டை.
மதியத்துக்கு, ரொட்டியைக் குடைந்து
பீன்ஸ் குழம்பு ஊற்றிய பன்னி நாலு
(எனக்கும் சேர்த்து ஐந்து.
தூத்துக்குடியிலிருந்து வந்த புதிதில்
அந்தப் பெயரைக் கேட்டு
நான் சைவம் என்று பொய் சொல்லியிருக்கிறேன்).
எல்லாம் செய்தாள்.
எண்ணித் தொடங்கிவைக்க மட்டும் வரவில்லை.

அதுவரை யாரோ எண்ணுவார்கள், இவள் நுழைவாள்.
இப்போது மூன்று ஜோடிக் கண்கள் அவள் உதட்டில்.
ஒன், டூ என்றாள்,
வாடகை பாக்கிக்காரி கதவைத் தட்டுவதுபோல.
பெகுமூஸி குச்சிகளை மடியில் வைத்தான்:
"அனுமதி கேட்காதே அக்கா. எண்ணு."

இரண்டாவது முறை இன்னும் மோசம்.
மூன்றாவது நன்றாகவே போனது,
தகரக் கூரையில் குரங்குக் குடும்பம் ஒன்று
குறுக்கே ஓடும்வரை.
"டிரம்ஸைவிடச் சுத்தம்" என்றாள் நொக்குக்கான்யா,
டிரம்பெட்டின் எச்சிலை உதறியபடி.

சிரிப்பு அடங்கவில்லை இன்னும்.
அவள் பாதத்தால் மரத்தரையைத் தட்டி,
யாரையும் பார்க்காமல்:
ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

பொத்தானில் என் விரல் குளிர்ந்தது.
அவளுக்குத் தெரிந்த தமிழ் பத்து வரைதான்.
துனி ஆடிய சித்தப்பாக்கள்
சீட்டு எண்ணியபோது ஒட்டிக்கொண்டது.
நான் பள்ளியில் பிரம்படியோடு படித்த பாடம்:
ஒண்ணு தேமா, ரெண்டு தேமா,
மூணும் நாலும் தேமா.
முதல் அசை சாய்ந்து உட்காரும்,
அடுத்தது எழுந்து ஓடும்.
ஜாஸின் ஆட்டமே அதுதான் என்று
எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

ஆஷ்வெல்லின் பாஸுக்குத் தெரிந்துவிட்டது.
பெகுமூஸிக்குத் தெரிந்தது இன்னும் சீக்கிரம்:
நாலு முடியக் காத்திருக்காமல்
பாதியிலேயே சிம்பலை விட்டான்.
பிறகு பதினொரு நிமிடம்.
அதைச் சொல்ல எனக்கு வராது.
வியர்வை அவள் மோவாயிலிருந்து
கட்டைகளில் விழுந்தது தெரியும்.
மீட்டரில் முள் ஒருமுறைகூடச் சிவப்பைத் தொடவில்லை.
சுவர்தான் அதிர்ந்தது.

மறுநாள் இரவு எட்டு பாட்டும் முடிந்தபின் சொன்னாள்:
"எண்ணுவதையெல்லாம் வெட்டிவிடு.
வீடு கட்டியவன் சாரத்தை விட்டுவிட்டா போவான்?"

ஏழையும் சுத்தமாக வெட்டினேன்.
எட்டாவதில் மாட்டிக்கொண்டேன்.
ஒண்ணு போனது. ரெண்டு, மூணு போனது.
"லு" சிம்பலின் வாலுக்குள் இருக்கிறது,
அதை எடுத்தால் சிம்பலும் வரும்.
"நா" தனியாகத்தான் நின்றது.
வெட்டினேன்.
வெட்டிய பிறகுதான் உறைத்தது
எதை வெட்டியிருக்கிறேன் என்று.

திரும்ப ஒட்டினேன்.
"இந்த நாலு மட்டும் வராது" என்றேன்.
"முழுசுமா?"
"முழுசும்."

பாதிப் பொய்.
மூன்று தடவை போட்டுக் கேட்டாள்,
ஹெட்போனை ஒரு காதில் மட்டும் அழுத்தி.
என்னைப் பார்த்தாள்.
கண்ணாடியில் தெரிந்த தன்னைப் பார்த்தாள்.

"இருக்கட்டும்.
அவசரப்பட்டவன் பெகுமூஸி.
அவன் பெட்ரோல் காசில் பிடித்துக்கொள்கிறேன்."